கைப்பிடி

கண்ணாடி எதுவும் உடையவில்லை.
அதுதான் முதலில் எங்களைக் குழப்பியது.
வெர்னாவின் பிக்கப்பில் பன்னிரண்டு டாலர் சில்லறை,
லேத் பிராம்ஹாலின் வண்டியில் துளைபோடும் இயந்திரம்,
ஒடிலோனின் காரில் காதுக்கருவிக்கான பேட்டரிகள்.
எடுத்தவனுக்கு என்ன கேட்க வேண்டியிருந்ததோ.
ஒரே இரவில், பாலத்திலிருந்து மரக்கிடங்கு வரை
ஒன்பது வண்டிகள்.
பூட்டு இருந்தது எல்லாவற்றிலும்.
பூட்டியதுதான் இல்லை.

நியூ பிரன்ஸ்விக்கின் இந்தச் சாலையில்
சாவி வண்டிக்குள்ளேயே கிடக்கும்,
காபிக் கோப்பை வைக்கும் குழியில்.
பனிப்புயலில் ஒருத்திக்கு வலி எடுத்தால்
கிட்ட நிற்கிற வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகலாம்.
போயிருக்கிறோம்.
என் மூத்தவள் பிறந்தது லேத்துடைய அப்பாவின் வண்டியில்,
ஹீட்டர் இரைச்சலுக்கு நடுவே.
திருப்பி நிறுத்தும்போது பெட்ரோல் நிரப்பி வைத்தேன்.
அவ்வளவுதான் எங்கள் சட்டம்.

செவ்வாய்க்கிழமை தீயணைப்புக் கூடத்தில்
போலீஸ்காரி ஊவெலெட், வயது இருபத்தாறு இருக்கும்,
"அவன் கெட்டிக்காரன் இல்லை" என்றாள்.
"கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறான்.
வந்தால் திறக்கிறான். வராவிட்டால் அடுத்த வண்டி.
உங்களுக்கு ஒரு விரல் வேலை, தினமும்.
இருக்கையில் பையை விடாதீர்கள்.
காலிப் பை என்று அவனுக்கு யார் சொல்வது?"
வெர்னா எழுந்து நின்றாள்:
"என் சாவித்துளையில் எண்பத்தொன்பதிலிருந்து
துரு குடியிருக்கிறது. காலி செய்யச் சொல்லுங்கள்."
சிரித்தோம்.

ஆனாலும் அன்றிரவு ஒன்பது மணிக்கு
பள்ளத்தாக்கு கேட்டிராத ஒரு சத்தம்.
டக்.
ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு டக்.
உருளைக்கிழங்குக் கிடங்கின் பின்னால்
யாரோ தவறான பொத்தானை அமுக்கி
ஹாரன் அலறியது, இரண்டு தரம்.
ஒன்றும் விளங்காமல் நாய்கள் பதில் சொல்லின.

வியாழக்கிழமை ரோந்துக்கு என் பெயர்.
ஒரு டார்ச். ஒரு விசில்.
வண்டிகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.
பார்ப்பதென்றால் எப்படி?
இழுத்துத்தான்.

கிழங்கு தோண்டிய வயலில் உறைபனி விழுந்திருந்தது.
லேத்தின் வண்டி வரவில்லை. உலோகம் விரலைக் கடித்தது.
ஒடிலோனின் கார் வரவில்லை.
புதுக்குடி ரோடெல் மகலோனாவின் சின்ன ஹோண்டா
வந்துவிட்டது.
உள்விளக்கு எரிந்தது.
குழந்தை இருக்கை, பாதி பிஸ்கட், ஒற்றைக் கையுறை.
அந்த வெளிச்சத்தில் என் கையைப் பார்த்தேன்,
இன்னொருவன் கதவின்மேல்.
எவ்வளவு லேசாக வருகிறது.
பூட்டும் பொத்தானை அமுக்கி, சத்தமில்லாமல் சாத்தினேன்.
அவனும் அப்படித்தான் சாத்தியிருப்பான்.

சனிக்கிழமை தபால் நிலையப் பலகையில் என் படம்.
சாம்பல் முகம், பூனைக் கண்.
மகலோனா வீட்டுக் கேமரா எடுத்தது.
"இந்த ஆளைத் தெரியுமா?"
கீழே பேனாவில் லேத்தின் கையெழுத்து:
"தெரியும். எனக்கு நாற்பது டாலர் தர வேண்டும்."

சாயங்காலமே ரோடெல் வந்தான்,
தாள் மூடிய தட்டில் நூடுல்ஸ், கழுத்துவரை வெட்கம்.
படத்தை ஒட்டியவள் அவன் மனைவியாம்,
தொப்பிக்குள் இருந்த என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லையாம்.
கேமரா வைத்தவன் கதவை ஏன் பூட்டவில்லை என்று கேட்டேன்.
"பூட்டினேன். படுத்த பிறகு எழுந்து வந்து திறந்தேன்.
புயலில் யாருக்காவது வேண்டியிருக்கும் என்று
குடிவந்த அன்றைக்கு நீங்கள்தானே சொன்னீர்கள்."

எனக்கு வாயில் நூடுல்ஸ் இருந்தது. நல்லதாகப் போயிற்று.

இப்போது அவன் மாற்றுச் சாவி என் சமையலறை ஆணியில்.
என்னுடையது அவன் வீட்டில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்.
வண்டிகள் பூட்டிக் கிடக்கின்றன.
பேட்டரி திருடன் அகப்படவில்லை.
வெர்னாவின் பிக்கப்பில் துரு இன்னும் காலி செய்யவில்லை.
வியாழக்கிழமைகளில் நான்
தேவையில்லாமல் இருமிக்கொண்டே நடக்கிறேன்,
ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்கும்படி.